தனி மரம் தோப்பாகுமா?



"சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால் போதும், கிண்ணம் நமதே" என்று கூறுவோர் பலர். இக்கூற்று எவ்வளவு உண்மை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

கூடைப்பந்தாட்டத்தில் ஓரணிக்கு ஐவரே களமிறங்குவர். ஆகவே, பதினொருவர் ஆடும் கால்பந்தாட்டத்தைவிட அங்கே தனியொருவரின் செல்வாக்கு மிகுதி. அத்தகைய ஆட்டத்திலேயே, 1984ஆம் ஆண்டு சிகாகோ புல்ஸ் அணியில் சேர்ந்த மைக்கேல் ஜோர்டான், முதல் வாகையை 1991இல்தான் சூடினார். புள்ளிகளைக் குவித்தவர் அவரே. ஆயினும், ஸ்காட்டி பிப்பன் போன்ற துணைவர்களும் பயிற்றுநர் பில் ஜாக்சனும் வாய்த்த பின்னரே அவ்வணி ஆறு முறை வெற்றி வாகை சூடியது.

நம் சிலாங்கூர் மாநிலத்தின் கதையும் அதுவே. மொக்தார் டஹாரியின் கால்வண்ணத்தைக் காண விளையாட்டரங்கங்கள் நிரம்பி வழிந்த காலம் ஒன்றுண்டு. அக்காலத்தில் 1975, 1976, 1978, 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் சிலாங்கூர் மலேசியக் கிண்ணத்தை வென்றது. கோல் அடிக்க மொக்தார் இருந்தார். கோலைக் காக்க, கிள்ளான் துறைமுகத்தில் பிறந்த ஆறுமுகம் இருந்தார். தற்காப்பு அரணாகச் சந்தோக் சிங் நின்றார். அத்தகைய அணியும் 1980 இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் தோற்றது.

அதே 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், மெர்டேக்கா விளையாட்டரங்கில் மலேசியா தென் கொரியாவை 2-1 எனும் கோல் கணக்கில் வென்று ஒலிம்பிக் தகுதி பெற்றது. ஹசான் சானி பந்தைத் தந்தார். ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலை அடித்தார். தந்தவர் இன்றேல் அடித்தவர் ஏது?

தலைசிறந்த ஆட்டக்காரர் வேண்டா என்பதன்று என் கருத்து. அவர் அணியை வெற்றியின் வாயிலுக்கு அழைத்துச் செல்வார். வாயிலைத் திறக்க அனைவரின் கைகளும் வேண்டும்.

நம் இரவாங் வட்டாரப் பள்ளித் திடல்களிலும் இவ்வுண்மையை மறத்தலாகாது. வேகமாக ஓடும் ஒரு மாணவனிடமே எப்போதும் பந்தைக் கொடுத்துவிட்டு, மற்றவரை வேடிக்கை பார்க்க வைத்தால், அவன் நோயுற்ற நாளில் அணியே நோயுறும். ஓரத்தில் ஏக்கத்தோடு நிற்கும் சிறுவனின் காலுக்கும் பந்து செல்லட்டும். நாளைய ஆறுமுகம் அவனாகவும் இருக்கலாம் அன்றோ?

கூடி ஆடுவோம், கோடி நலம் பெறுவோம்!