மதிலில் முளைத்த ஆலங்கன்றை எறிய வேண்டாம்



மதில் வெடிப்பில், கிணற்றுக் கட்டில் முளைக்கும் ஆல், இத்திக் கன்றுகளை நாங்கள் பிடுங்கி எறிகிறோம். விட்டால் சுவரைப் பிளக்கும், உண்மைதான். ஆனால் கல்லைப் பற்றும் அந்த வேரைத்தான் பொன்சாய் வளர்ப்பவர்கள் விரும்புகிறார்கள். (அரசங்கன்றில் கை வைக்க வேண்டாம், பௌத்த அயலவர்களுக்கு அது புனிதமானது.)

செலவில்லாத வேலை. சொரசொரப்பான, பள்ளமுள்ள கல்லொன்றை எடுங்கள். கன்றின் வேரைக் கழுவி, கல்லின் மேல் பரப்பி, நூலால் இறுக்கிக் கட்டி, கல்லோடு மண்ணில் புதையுங்கள். வேர் நுனிகள் கல்லுக்குக் கீழே மண்ணுக்குள் இருக்க வேண்டும். பிறகு ஒன்றிரண்டு வருஷம் தோண்டவே கூடாது. வேர் தடித்ததும் மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

எங்கள் மாணவர்கள் மூன்றாம் கிழமையே தோண்டிப் பார்த்தார்கள். மெல்லிய வேர் காய்ந்துவிட்டது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு மூன்றாம் ஆண்டிலேயே டியூஷன் அனுப்பி, கிழமைக்குக் கிழமை புள்ளியைத் தோண்டிப் பார்ப்பது நாங்கள்தானே?

இந்த லீவுக்கு ஒரு டியூஷனைக் குறையுங்கள். பிள்ளையின் கையில் ஒரு கன்றையும் கல்லையும் கொடுங்கள். ஸப்ர் பற்றி நாங்கள் வகுப்பில் சொல்வதை அவர்கள் கையாலேயே படிப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.