கள்ளக் கேசட்டும் பல்கலைக்கழக நூலகமும்

இந்திய நகரங்களில் 1990களிலும் அதன் பின்வந்த பத்தாண்டிலும் வளர்ந்தவர்களுக்கு 'வீடியோ கேம்' என்னும் சொல் விளையாட்டை மட்டும் குறித்ததன்று. தொலைக்காட்சியோடு இணைக்கப்படும் பெட்டியையே குறித்தது. அப்பெட்டியின் தலையில் செருகப்படும் பிளாஸ்டிக் துண்டுக்குக் 'கேசட்' என்று பெயர். அதனுள் நாடாவும் இல்லை, சுழலும் சக்கரமும் இல்லை. ஆயினும் பாட்டுக் கேசட்டின் பெயர் அதன் மேல் ஏறி அமர்ந்துகொண்டது. ஜப்பானியரும் அதனைக் 'கசெத்தோ' என்றே வழங்குகின்றனர். 'கார்ட்ரிட்ஜ்' என்பது அமெரிக்க வழக்கு. சொல்லில் தொடங்கும் இந்த வேறுபாடு பொருளிலும் தொடர்கிறது என்பதையும், அப்பொருளைப் பாதுகாக்க இந்தியாவில் ஓர் அலமாரியும் ஒதுக்கப்படவில்லை என்பதையும் கல்விப்புலம் இன்னும் பொருட்படுத்தவில்லை.

வீடியோ கேம் ஆய்வு இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதன்று. கருத்தரங்குகள் நடக்கின்றன, ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. ஆனால் அவற்றின் முதல் இயலைத் திருப்பினால் வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கதைதான்: அட்டாரியின் எழுச்சி, 1983ஆம் ஆண்டின் சந்தை வீழ்ச்சி, நிண்டெண்டோவின் மீட்பு. இந்தக் கதைக்கும் கான்பூரிலோ மதுரையிலோ ஒரு சிறுவன் கோடை விடுமுறையில் கையில் பிடித்திருந்த பொருளுக்கும் இடையிலான தொடர்பு மிக மெல்லியது. அவன் விளையாடியது நிண்டெண்டோவின் பொறியை அன்று, அதன் நகலை.

நகல் ஏன் வந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது தொழில்நுட்பம் சார்ந்தது. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியான ஃபாமிகாம் என்னும் பொறியில் கேசட்டின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் பூட்டுச் சில்லு எதுவும் இல்லை. 60 முனைகள் கொண்ட பலகையை எவர் செய்து செருகினாலும் அது இயங்கும். 1985இல் அமெரிக்காவுக்கு அதே பொறி வேறு உடலோடும் 72 முனைகளோடும் சென்றபோதுதான் பூட்டு பொருத்தப்பட்டது. ஆசியாவின் நகல் தயாரிப்பாளர்கள் பூட்டில்லாத வடிவத்தையே பற்றிக்கொண்டனர். இந்தியக் கடைகளுக்கு வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த 60 முனை மரபைச் சேர்ந்தவை.

இரண்டாவது காரணம் விலை. 1995இல் செகா நிறுவனம் 80 விழுக்காட்டு இறக்குமதி வரியைத் தவிர்க்கும் பொருட்டு ஷா வாலஸ் நிறுவனத்தோடு கைகோத்து மெகா டிரைவை இந்தியாவில் விற்றது. வரியைத் தவிர்த்த பின்னும் அதன் விலை 18,000 ரூபாய். அக்காலத்தில் அது பல நடுத்தரக் குடும்பங்களின் சில மாதச் சம்பளம். நகல் பெட்டி இல்லாதிருந்தால் இந்தியச் சிறுவர்களுக்கு 'மலிவான அசல்' கிடைத்திருக்காது, ஒன்றுமே கிடைத்திருக்காது. திருட்டு என்று ஒரே சொல்லில் இதனை முடித்துவிடுவோர் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

இனி, நகலோடு எந்த விளையாட்டுகள் வந்தன என்பது ஆராயத்தக்கது. பல விளையாட்டுகளை ஒரே கேசட்டில் அடைத்து விற்றவர்களுக்கு நினைவகச் சில்லின் கொள்ளளவே முதற்கவலை. ஃபாமிகாமின் தொடக்ககால விளையாட்டுகள் மிகச் சிறியவை. 'பேட்டில் சிட்டி' 24 கிலோபைட். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 40 கிலோபைட். 'லெஜண்ட் ஆஃப் செல்டா'வின் கேசட் வடிவமோ 128 கிலோபைட். போதாக்குறைக்கு ஆட்டத்தின் நிலையைச் சேமித்துவைக்க ஒரு மின்கலமும் வேண்டும். ஆகவே சிறியவை உள்ளே வந்தன. பெரியவை பெரும்பாலும் வெளியே நின்றன. அமெரிக்க ஆய்வாளர் 'செவ்வியல்' என்று முதலில் எண்ணும் செல்டா இந்திய நினைவில் ஏறக்குறைய இல்லை. இந்தியச் சிறுவர் தெருத்தெருவாய் ஆடிய டேங்க் விளையாட்டான 'பேட்டில் சிட்டி' அமெரிக்காவில் நிண்டெண்டோ பொறிக்கு அதிகாரபூர்வமாக வெளிவரவே இல்லை. எது செவ்வியல் என்பதை இங்கே சுவைஞரோ விமரிசகரோ தீர்மானிக்கவில்லை. கிலோபைட்டுக்கு ஆன செலவு தீர்மானித்தது.

மொழியியல் படித்தோர் கவனிக்க வேண்டிய இன்னொரு விளைவும் இதிலிருந்து பிறக்கிறது. சிறிய விளையாட்டுகளில் உரை இல்லை. உரையாடலும் கதையும் கொண்ட ஆட்டங்களுக்கு நினைவகம் மிகுதியாக வேண்டும், அவை வடிகட்டப்பட்டுவிட்டன. எஞ்சியவை ஆங்கிலமோ ஜப்பானியமோ அறியாதவரும் ஆடக்கூடியவை. கையேடு இல்லை, கதைச்சுருக்கம் இல்லை. விதிகளை ஒருவர் மற்றொருவருக்கு வாய்மொழியாகவே சொல்லிக்கொடுத்தனர்; எதிரிகளுக்கும் ஆயுதங்களுக்கும் ஒவ்வொரு தெருவும் தனித்தனிப் பெயர் சூட்டியது. அந்தப் பெயர்களைத் தொகுத்த களப்பணி எதுவும் முறையாக நடந்ததாகத் தெரியவில்லை. சிறுவர் விளையாட்டுச் சொற்களைக் கிட்டிப்புள், பாண்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளும் நாட்டார் வழக்காற்றியல் இதனை ஏன் தன் எல்லைக்கு வெளியே வைத்தது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அடுத்து, கேசட்டையே ஒரு பனுவலாக நோக்கலாம். '9999999 இன் 1' என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டைச் செருகினால் நீண்ட பட்டியல் ஒன்று ஓடும். பத்திருபது விளையாட்டுகளைத் தாண்டியதும் அதே விளையாட்டுகள் வேறு பெயரில் மீண்டும் வரும். வெறும் ஏமாற்று என்று விளையாடியவர்கள் சலித்துக்கொண்டதுண்டு. அது முழு உண்மையன்று. திரும்ப வரும் மாரியோ சில இடங்களில் முதல் உலகில் தொடங்காமல் இடையில் தொடங்கும். உயிர்களின் எண்ணிக்கை மாறியிருக்கும், நிறம் மாறியிருக்கும். தலைப்புத் திரையில் இருந்த நிறுவனப் பெயரும் உரிமை அறிவிப்பும் அழிக்கப்பட்டிருக்கும். பெயர் தெரியாத ஒருவர் எங்கோ அமர்ந்து இந்த நிரலின் சில பைட்டுகளைத் திருத்தியிருக்கிறார். பதிப்பியல் பயின்றவர் இதனைப் பாடவேறுபாடு என்பார். ஏடெழுதியவனின் கையை இதில் காண்பார்.

உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் பழைய விளையாட்டுகளின் நிரல்களைப் படியெடுத்துப் பெரும் பட்டியல்களைத் தொகுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் செய்யாத பணியை ஊதியமின்றிச் செய்த அவர்கள் பெரும் பாராட்டுக்குரியவர்கள். எனினும் அப்பட்டியல்கள் பலவற்றின் நோக்கம் மூலபாடத்தை நிறுவுவது: நிறுவனம் வெளியிட்டபடி மாசற்ற ஒரு படி. அந்த அளவுகோலில் இந்தியாவுக்கு வந்த கேசட்டுகள் 'கெட்ட படி', 'திருத்தப்பட்ட படி' என்று ஓரங்கட்டப்படுகின்றன. ஒரு நாடே வாசித்த பாடத்தைப் பிழை என்று அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டு, அந்நாட்டில் எவரும் கண்டிராத மூலத்தை மேலே வைப்பது எத்தகைய பதிப்பு நெறி?

'முன்மாதிரி மென்பொருள் இருக்கிறதே, எமுலேட்டரில் எல்லாம் ஓடுகிறதே, பழைய பொறி எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. எமுலேட்டர் இல்லாவிட்டால் இத்துறையே இல்லை என்பது உண்மை. ஆனால் அது எதை இயக்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஜப்பானியப் பொறி நொடிக்கு 60 சட்டகங்களை வரையும். இந்தியத் தொலைக்காட்சி பால் முறையில் 50 சட்டகங்களைக் கொண்டது. அதற்கேற்ப அமைந்த நகல் சில்லுகளும் 50 சட்டகங்களையே வரைந்தன. விளையாட்டின் இசை சட்டகத்தை எண்ணியே நடப்பது. ஆகவே 60 நொடியில் முடிய வேண்டிய இசை 72 நொடிக்கு நீண்டது. ஆனால் செயலியின் துடிப்பு 1.79 மெகாஹெர்ட்சிலிருந்து 1.77க்கு மட்டுமே குறைந்ததால் சுருதி ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதாவது காலப்பிரமாணம் மட்டும் விளம்பமானது; சுருதி இறங்கவில்லை. ஐரோப்பாவில் விற்ற அசல் பொறியிலோ செயலியும் மெதுவாக ஓடியது. அதற்கென இசையைத் திருத்தாத விளையாட்டுகளில் சுருதியும் இறங்கியது. இந்திய வீட்டில் ஒலித்த மாரியோ இசை ஜப்பானியருடையதும் அன்று, ஐரோப்பியருடையதும் அன்று. அமைப்புகளை மாற்றாமல் எமுலேட்டரைத் திறக்கும் மாணவர் கேட்பது டோக்கியோவின் இசை.

துப்பாக்கி விளையாட்டின் நிலை இன்னும் மோசம். 'டக் ஹண்ட்' ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். துப்பாக்கியின் குழலில் உள்ள ஒளியுணரி அதனைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். படக்குழாய்த் தொலைக்காட்சியின் மின்கற்றை ஓடும் முறையை நம்பியது அது. எல்சிடி திரையின் முன் அத்துப்பாக்கி குருடு. படக்குழாய்ப் பெட்டிகள் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் இந்த அனுபவத்தை மீட்கும் வாய்ப்பு சுருங்குகிறது.

பழுதுபார்ப்போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்லியின் பாலிகா பஜார், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் சாலிடரிங் அயர்னோடு அமர்ந்தவர்களுக்கு வரைபடம் எதுவும் தரப்பட்டதில்லை. நகல் பொறியில் செயலியும் படச்சில்லும் ஒன்றாக்கப்பட்டுக் கறுப்பு எபாக்சிப் பசைக்குள் புதைந்திருக்கும். சில்லின் எண்ணைக்கூடப் படிக்க முடியாது. அது செத்தால் பெட்டி செத்தது. எனவே அவர்களின் அறிவு முழுவதும் அந்தக் கறுப்புப் பொட்டைச் சுற்றியே வளர்ந்தது: சூடேறி உடையும் 7805 மின்னழுத்தச் சீராக்கி, தளர்ந்த அடாப்டர் துளை, தேய்ந்துபோன ரப்பர் பொத்தான், அறுந்த ஜாய்ஸ்டிக் ஒயர். கேசட்டின் வாயில் ஊதினால் ஓடும் என்ற உலகளாவிய நம்பிக்கையை மறுத்து, ஊதும் ஈரம் செப்பு முனையை அரிக்கும், ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடை என்று சொன்னவர்களும் அவர்களே. ஊதியதால் அன்று, எடுத்து மீண்டும் செருகியதால்தான் பல முறை ஓடியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பசையில் புதைந்த கேசட்டின் நிரலைப் படியெடுக்க வேண்டுமானால், பட்டியலிலிருந்து ஒவ்வொரு விளையாட்டுக்கும் நினைவகம் எப்படி மாற்றப்படுகிறது என்பதை முனை முனையாகத் தொட்டுக் கண்டறிய வேண்டும். அது கல்வெட்டு படிப்பதற்கு நிகரான திறன். அத்திறன் உடையவர்கள் இன்று கைப்பேசித் திரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சேகரிப்புச் சந்தை வேறு திசையில் ஓடுகிறது. 2021 ஜூலையில் உறை பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்கு விற்றது. மதிப்பெண் இட்டு, கண்ணாடி போன்ற பெட்டிக்குள் அடைத்து, ஒருபோதும் ஆடப்படாமல் இருப்பதே அதன் பெருமை. படிக்கப்படாத நூலைப் போற்றும் அந்த வழிபாட்டை இந்தியச் சேகரிப்பாளர்கள் பின்பற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை. அட்டை கிழிந்து, எவனோ ஒருவன் பேனாவால் தன் பெயரெழுதி, பழுதாகி, மீண்டும் ஓடிய கேசட்டில்தான் ஆய்வாளனுக்குச் செய்தி இருக்கிறது.

இந்தியச் சட்டத்தின் கண்ணில் இப்பொருள் இரண்டே வடிவங்களில் தென்படுகிறது. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின் அட்டவணையில் வீடியோ கேம் கழிவாக இடம்பெற்றிருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலாக இடம்பெற்றிருக்கிறது. பாதுகாக்கத்தக்க ஆவணமாக எங்கும் இல்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் நூல்களையும் பின்னர் இதழ்களையும் மட்டுமே கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் கொண்டுவந்தது. பிரான்சிலோ 1992 முதல் வீடியோ கேமும் சட்டப்படி தேசிய நூலகத்துக்குச் சென்றுசேர வேண்டிய பொருள்.

அமெரிக்காவின் நிலையும் பெருமைப்படத்தக்கதன்று. அங்கு வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கண்டறிந்தது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து காட்ட அனுமதி கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. ஆயினும் அங்கே கேட்பதற்கு ஓர் அமைப்பு இருந்தது. மறுப்பும் எழுத்தில் பதிவாயிற்று.

இங்கே கேட்பதற்கு இடமே இல்லையா? உண்டு. 2012ஆம் ஆண்டின் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு விலக்கைச் சேர்த்தது: வணிக நோக்கமற்ற பொது நூலகம், ஒரு படைப்பின் எண்மமல்லாத படியை ஏற்கெனவே வைத்திருந்தால், பாதுகாப்பின் பொருட்டு அதனை மின்னணு வடிவில் சேமிக்கலாம். நூலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது. கேசட்டோ பிறப்பிலேயே எண்மம். எண்மமல்லாத படி அதற்கு இல்லை. எனவே மிக எளிதில் அழியக்கூடிய ஆவணம் மட்டும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. அதே பிரிவு தனிமனிதருக்குத் தரும் காப்புப்படி உரிமையும் சட்டபூர்வப் படியை வைத்திருப்பவருக்கே உரியது. அதுவும் தற்காலிகப் பாதுகாப்புக்கு மட்டும். பிறப்பே கள்ளமான இந்தியக் கேசட்டுக்கு அந்தக் கதவும் அடைபட்டிருக்கிறது.

பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனம் கள்ளப்படியைக் காக்கலாமா என்ற தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. தடைசெய்யப்பட்ட துண்டறிக்கைகளையும் கள்ள நாணயங்களையும் காப்பகங்களும் அருங்காட்சியகங்களும் வைத்திருப்பது அச்செயல்களை ஆதரிப்பதற்காக அன்று. சட்டம் மாறும்வரை நிரலைத் தொடாமலேயே செய்யக்கூடியவையும் பல உள்ளன. பெட்டிகளையும் கேசட்டுகளையும் பொருளாக ஏற்றுப் பதிவேட்டில் எண் இடலாம். இயங்கும் படக்குழாய்த் தொலைக்காட்சிகள் இரண்டை மின்கழிவுப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கலாம். மேற்சொன்ன தெருக்களில் உள்ள ஒருவரை ஆய்வகத் தொழில்நுட்பராக மாதம் சில நாளுக்கு அழைத்து, அவர் கையால் செய்வதை மாணவர் எழுதிக்கொள்ளச் செய்யலாம். ஒரு துறையின் ஓராண்டுக் கருத்தரங்கச் செலவில் இதெல்லாம் அடங்கிவிடும்.

52ஆம் பிரிவில் 'எண்மமல்லாத' என்னும் ஒரு சொல் நீங்கினால் எஞ்சிய வேலையைத் தொடங்கலாம். அக்கோரிக்கையை எழுத வேண்டியவர்கள் வீடியோ கேம் ஆர்வலர்கள் மட்டும் அல்லர்; நெகிழ்வட்டிலும் குறுந்தகட்டிலும் தங்கள் துறையின் பழைய தரவுகளை இழந்துகொண்டிருக்கும் எல்லாப் பல்கலைக்கழக நூலகர்களும்தான்.