பேர் கொடுக்காதவர்களின் சுதந்திரம்

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பெருந்தொகையை ரொக்கமாகக் கட்ட வருகிற பெரிய மனுசரிடம் பான் நம்பர் கேட்டால் முகம் சிவந்துவிடும். "எம் பணத்த நான் கட்டுறதுக்கு எதுக்குய்யா அதெல்லாம்?" என்பார். அதே வரிசையில் முதியோர் உதவித்தொகை வாங்க நிற்கிற எங்கள் சேரி ஆயா, நான் கேட்பதற்கு முன்பே கட்டைவிரலை நீட்டிவிடுவாள். பதிவேட்டைப் பார்த்துக் கோபப்படுவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் துப்பாக்கிப் பதிவுச் சட்டங்கள் படும் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவுண்டர்தான் ஞாபகம் வருகிறது. நம் மாணவத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "அரசிடம் ஆயுதக் கணக்கு கொடுக்க மறுப்பது அரசு எதிர்ப்பு இல்லையா? அது ஒரு கலகம் இல்லையா?" கலகம்தானா என்று பார்ப்போம்.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் சட்டம் போட்டது. ராணுவ பாணித் துப்பாக்கிகளை இனி விற்கக் கூடாது; ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிந்துகொள்ள வேண்டும். பதிவானவை ஏறக்குறைய 50,000. பதியாமல் இருப்பவை லட்சக்கணக்கில் இருக்கும் என்று துப்பாக்கித் தொழில் தரப்பே கணக்குச் சொன்னது.

நியூயார்க் மாநிலத்தில் 2014 ஏப்ரலில் கெடு. கெடு வருமுன்பே பதிவுப் படிவங்களைக் குவித்துப் போட்டுக் கொளுத்தினார்கள். எத்தனை துப்பாக்கிகள் பதிவாயின என்பதை அரசு வெளியே சொல்லவே மறுத்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2015இல் சொன்னது: 44,485. இலினாய் மாநிலத்தில் 2024 ஜனவரி 1 கெடுவுக்குள் பதிந்தவர்கள் 29,357 பேர். அந்த மாநிலத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ள அட்டை வாங்கியவர்களோ சுமார் 24 லட்சம். அத்தனை பேரிடமும் அந்த வகைத் துப்பாக்கி இருக்காதுதான். இருந்தாலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வரவில்லை என்பது கண்ணில் அடிக்கிறது. இந்தச் சட்டத்தை நாங்கள் அமல்படுத்த மாட்டோம் என்று அந்த மாநிலத்தின் பெரும்பாலான ஷெரீப்கள் பகிரங்கமாகவே அறிவித்தார்கள்.

மறுத்தவர்களை அரசு என்ன செய்தது? கனெக்டிகட்டில் கெடு தாண்டி விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு கடிதம் போனது. செயலிழக்கச் செய், வெளிமாநிலத்துக்கு அனுப்பு, விற்றுவிடு, இல்லையென்றால் ஒப்படை. அவ்வளவுதான். தாமதமாகவாவது வந்தவனுக்குக் கடிதம். வரவே வராதவனுக்கு அதுகூட இல்லை. வீடு வீடாகக் கதவை உடைத்துக்கொண்டு யாரும் போகவில்லை.

அவர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்டுவிடுவோம். 'இன்றைக்குப் பதிவு, நாளைக்குப் பறிமுதல்' என்கிறார்கள். இது முழுக்கப் பொய்யுமில்லை. நியூயார்க் நகரம் 1967இல் நீளத் துப்பாக்கிகளைப் பதியச் சொன்னது. 1991இல் அவற்றில் ஒரு வகைக்குத் தடை போட்டது. பட்டியலில் பேர் இருந்தவர்களுக்குத்தான் கடிதம் போய்ச் சேர்ந்தது. பட்டியல் போடுகிறவன் கையில் அதிகாரம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாத சேதியா?

ஆனால் அந்த அதிகாரம் அங்கே யார் மேல் விழுந்தது? அதைக் கேட்காமல் கலகம் என்று கைதட்ட முடியாது.

1865இல் அடிமைமுறை ஒழிந்த கையோடு, மிசிசிப்பி மாநிலம் கறுப்பர்களுக்கென்றே ஒரு சட்டம் எழுதியது. ராணுவத்தில் இல்லாத கறுப்பர், கவுண்டியின் போலீஸ் வாரியம் தரும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 1956இல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் வீட்டுக்குள் இருந்தார்கள். அவர் முறைப்படி துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை.

1966இல் ஓக்லாந்தில் கறுப்புச் சிறுத்தைகள் புறப்பட்டார்கள். ஒரு கையில் சட்டப் புத்தகம், மறு கையில் துப்பாக்கி. கலிபோர்னியாவில் அப்போது அது குற்றமில்லை. போலீசைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள். 1967 மே 2 அன்று மாநிலச் சட்டமன்றத்துக்கே துப்பாக்கிகளோடு போனார்கள். அந்த ஜூலையிலேயே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். தேசிய ரைபிள் சங்கமும் ஆதரித்தது. அதே ரீகன்தான் ஜனாதிபதியாகி, 1986இல் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடு தழுவிய துப்பாக்கிப் பதிவேடு வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். கை ஒன்றுதான், கையெழுத்தும் ஒன்றுதான். துப்பாக்கியைப் பிடித்திருந்த கையின் நிறம்தான் வேறு.

சரி, முறைப்படி உரிமம் வாங்கி, நேர்மையாகச் சொல்லிவிட்டால்? 2016 ஜூலை 6, மினசோட்டா. பிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயதுக் கறுப்பர், பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தவர். காரை நிறுத்திய போலீஸ்காரரிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். உரிமம் இருந்தது. சுட்டுக் கொன்றார்கள். அந்தப் போலீஸ்காரர் 2017இல் விடுதலையானார். துப்பாக்கி உரிமைக்காக நாடு அதிரக் கத்தும் ரைபிள் சங்கம், காஸ்டிலின் பேரைக்கூடச் சொல்லாமல் ஓர் அறிக்கை விட்டது.

ஆக, வெள்ளைக்காரன் பதிய மறுத்தால் சுதந்திரம். கறுப்பன் சொல்லிவிட்டுச் செத்தால் வழக்குத் தள்ளுபடி. இதில் கலகம் எங்கே இருக்கிறது? தண்டனை வராது என்று தெரிந்து செய்கிற மறுப்பு, ஆதிக்கத்தின் மிச்சச் சொத்து. நான் பதிவுச் சட்டத்தின் பக்கம்தான். இருபது குழந்தைகளின் பிணத்துக்குப் பிறகு வேறு பக்கம் நிற்க முடியாது. ஆனால் பேரேட்டை எழுதுகிற கையையும், அமல்படுத்துகிற ஷெரீப்பையும் பார்க்காமல் சட்டத்தை மட்டும் நம்பச் சொன்னால் முடியாது.

அந்தச் சிறுத்தைகளின் பேரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். பேரோடு சேர்த்து அந்தக் கேள்வியும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளை எடுத்து மூன்றாம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில், தேவைப்பட்டால் தலித்துகளும் பழங்குடிகளும் அல்லாதாரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உரிமம் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுத்தில் இருக்கிறது, தோழர்களே.

துப்பாக்கி கேட்கச் சொல்லவில்லை நான். கணக்குக் கேளுங்கள் என்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். நம் மாவட்டத்தில் எத்தனை உரிமங்கள் இருக்கின்றன? மூன்றாம் விதிப்படி இதுவரை எத்தனை ரத்தாயின? நமக்கு எத்தனை கொடுத்தார்கள்? பதில் வந்ததும் அதை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்று எழுதி அனுப்புங்கள். அதையும் அச்சில் ஏற்றுவோம்.