மண்ணுக்கு மூடாக்கு

தட்டாஞ்சாவடிக்கு வடக்கே, மரமழிந்த செம்மண் மேட்டைக் காற்றும் மழையும் அரித்துத் தின்றன. 1968-இல் அங்கு உருவான ஆரோவில்லின் மக்கள் வரப்பிட்டு, மரம் நட்டு, சருகால் மூடி அதனை மீட்டனர்.

காற்று நெடுந்தொலைவு கொண்டு செல்வது மணலையன்று; வளங்கொண்ட நுண்மண்ணையே! 1930-களில் வறட்சியின்போது அமெரிக்கச் சமவெளி புழுதியாய்ப் பறந்தது, புல்வெளியை உழுது மண்ணை வெற்றுடம்பாக்கியமையால் அன்றோ?

புன்செய் உழவன் மாட்டுக்குப் போக எஞ்சிய தட்டையையும் சருகையும் கொளுத்துகிறான். பின்னர் ‘மல்ச்சிங் ஷீட்’ என்று நெகிழித்தாளை விலைக்கு வாங்குகிறான். ‘மூடாக்கு’ என்னும் தமிழ்ச்சொல் செத்துவிட்டதா? சொல்லை இழந்தவன் அச்சொல் காத்த அறிவையும் இழப்பான்.

தட்டாஞ்சாவடியிலுள்ள புதுவை வேளாண்துறை தமிழிலேயே இதனை உழவர்க்கு உணர்த்துக! உழவர்களே, சருகை எரிக்காதீர், மண்ணுக்குப் போர்த்துங்கள்!