வழுக்கும் தரைக்கு யார் பொறுப்பு?

பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர்கள் அதைச் சீர்திருத்தம் என்கிறார்கள். பட்டறைத் தரையில் நின்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 32ஆம் பிரிவில், தரையிலும் படியிலும் நடைவழியிலும் ஆளை வழுக்கிவிடும் எதுவும் கிடக்கக் கூடாது என்று நேரடியாகவே எழுதிவைத்தது. இத்தகைய பாதுகாப்பு விவரங்களை அரசு அறிவிக்கை வழியே வகுக்கும் தரநிலைகளுக்கு விட்டுவிட்டது புதிய தொகுப்பு. நாடாளுமன்றம் தந்த உரிமையை இனி அதிகாரிகளின் கையெழுத்தே மாற்றிவிடலாம்.

அதைவிடக் கொடுமை, ஆள் எண்ணிக்கை. மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே தொழிற்சாலை என்றிருந்ததை 20 ஆக உயர்த்திவிட்டார்கள். கோவையின் லேத் பட்டறைகளில் பல இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. அங்கே கூலன்ட்டும் ஆயிலும் தரையில் வடிந்துகொண்டே இருக்கும். கடைசலில் விழும் இரும்புச் சுருள் காலைச் சுற்றும். இரண்டு மெஷின்களுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். பனியன் வேஸ்ட்டால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். கனமான வார்ப்பைத் தூக்கி வருபவருக்கு அங்கே கால் வழுக்கினால், பிடிமானம் தேடும் கை ஓடுகிற சக்கில் போய் மாட்டும். எண்ணெய் வடியும் இடத்தில் ஒரு தட்டு, ஒழுங்கான வடிகால், சொரசொரப்பான தரை, பிடிப்புள்ள காலணி: இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பத்துப் பேர் இருந்தாலே முதலாளிக்குப் பொதுக் கடமைகள் உண்டே என்று வாதிடுவார்கள். தொழிற்சாலைக்குரிய உரிமமும் வரைபட ஒப்புதலும் தேவைப்படாத பட்டறைக்குள் யார் எட்டிப் பார்ப்பார்கள்? ஆய்வாளரின் பெயரோடு ‘உதவியாளர்’ என்ற பொறுப்பையும் ஒட்டவைத்து, எங்கே ஆய்வு என்பதைக் கணினியின் குலுக்கலுக்கு விட்ட பிறகு, அந்தக் கடமையை நிறைவேற்ற வைப்பது யார்?

இதைக் கொண்டுவந்த மத்திய ஆட்சியாளர்களிடம் வேறெதை எதிர்பார்ப்பது? இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015க்குப் பிறகு கூடவே இல்லை. இந்தத் தொகுப்பையும் 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையில் இல்லாதபோதே நிறைவேற்றினார்கள். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்களின் கணக்கு தங்களிடம் இல்லை என்று அதே மாதம் அதே அவையில் கூசாமல் சொன்னார்கள். செத்தவர்களையே எண்ணாதவர்கள் இடுப்பெலும்பு முறிந்தவர்களையா எண்ணப்போகிறார்கள்?

எண்ணிக்கை வரம்பை உடனே மறுபரிசீலனை செய்ய வேண்டும். தொழிற்சங்கங்களையும் சிறு பட்டறை உரிமையாளர்களையும் அழைத்துப் பேச வேண்டும். மாநில அரசும் தன் அதிகாரத்துக்கு உட்பட்டு ஒரு வழி காண வேண்டும்.