நூலக அபராதம் யாரைத் தடுத்தது?

புத்தகத்தை லேட்டாகக் கொடுத்தால் ஃபைன். நியாயம்தானே என்று தோன்றும். ஆனால், நியூயார்க் நகரப் பொது நூலகங்கள் 2021 அக்டோபரில் அதை அடியோடு நீக்கின. பழைய பாக்கியும் தள்ளுபடி.

ஏன்? 15 டாலர் பாக்கி சேர்ந்தாலே கார்டு முடங்கிவிடும். அப்படி முடங்கியவை சுமார் 4 லட்சம் கார்டுகள். பாதிக்கும் மேல் வசதி குறைந்த பகுதிகளில். பணம் இருப்பவருக்கு 15 டாலர் ஒரு வேளை சாப்பாட்டுச் செலவு. இல்லாதவருக்கோ நூலகத்தின் கதவையே சாத்தியது மாதிரி. உண்மையில் நூலகம் அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

'ஃபைன் இல்லாட்டி யார் திருப்பித் தருவாங்க?' என்று கேட்கலாம். நடந்தது நேர்மாறு. வருடக்கணக்கில் வீட்டில் கிடந்த ஆயிரக்கணக்கான புத்தகங்கள் திரும்பி வந்தன. தொலைத்தால் மட்டும் புத்தக விலையைக் கட்ட வேண்டும். அது போதாதா?