"வழக்கமான பஃபர்"னா எந்த பஃபர்?

பொட்டி தட்டுறவனுக்கு ஆராய்ச்சிக்கூடத்துல என்ன வேலைன்னு கேக்காதீங்க. அத்தை பொண்ணு ஒருத்தி உயிர்வேதியியல்ல பி.எச்டி. பண்றா. போன வாரம் ஃபோன்ல ஒரே புலம்பல். அவளுக்கு முன்னாடி அதே புரதத்தைப் பிரிச்செடுத்த சீனியர் பட்டம் வாங்கிட்டு வெளிநாடு போயாச்சு. அவரோட நோட்டு இருக்கு. செய்முறையும் இருக்கு. ஆனா முக்கியமான இடத்துல "வழக்கமான பஃபர்"னு மட்டும் எழுதி வச்சிருக்கார். உப்பு எவ்வளவு, பி.எச். எவ்வளவு? ம்ஹூம். நாலு மாசமா ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்துட்டு இருக்கா.

நாங்க எழுதுற நிரல்ல ஒரு கமா மாறினாக்கூட யார், எப்போ மாத்தினாங்கன்னு 'கிட்' காட்டிக் கொடுத்துடும். நாலு வருஷ உழைப்பு மட்டும் ஒரே ஒரு நோட்டுல, கோழிக்கிறுக்கலா, ஒரு பிரதி கூட இல்லாம கிடக்கணுமா? அதனால நான் மின் நோட்டு கட்சி.

காகிதத்தை மட்டம் தட்டலை. மைக்கேல் ஃபாரடே தன் சோதனைக் குறிப்புகளுக்குப் பத்தி பத்தியா எண் போட்டு 16041 வரைக்கும் போனவர். ஆனா எல்லாரும் ஃபாரடே இல்லையே :-)

"சாட்சிக் கையெழுத்து போட்ட நோட்டுதான் காப்புரிமைக்கு ஆதாரம்"னு சில பேராசிரியர்கள் சொல்வாங்க. அமெரிக்காவில் முதலில் கண்டுபிடிச்சவருக்கே உரிமைன்னு சட்டம் இருந்தப்ப அது பெரிய விஷயம்தான். 2013 மார்ச்சுல இருந்து முதலில் விண்ணப்பிச்சவருக்குன்னு மாறிடுச்சு. அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனமே தன் சொந்த ஆய்வுக்கூடங்களை 2024-ல மின் நோட்டுக்கு மாத்திடுச்சு.

காசு இல்லைங்கறதும் முழுக் காரணம் ஆகாது. பாரிஸ் க்யூரி ஆய்வு நிறுவனத்துல பிறந்த 'இலேப் எஃப்.டி.டபிள்யூ' இலவசம், திறமூலம். நம்ம சர்வர்லயே போட்டுக்கலாம். என்ன, பேக்கப் எடுக்க ஒரு ஆள் பொறுப்பு ஏத்துக்கணும்.

நிஜமான சிக்கல் வேற. கையில கிளவுஸ், அதுல ஏதோ ரசாயனம். கம்ப்யூட்டர் அடுத்த அறையில. அப்போ டிஷ்யூ பேப்பர்ல கிறுக்கிட்டு, ராத்திரி ஞாபகத்துல இருக்கறதைத் தட்டச்சு செய்வாங்க. அது காகித நோட்டை விட மோசம். மேசைக்குப் பக்கத்துலயே ஒரு பழைய டேப்லெட்டாவது வேணும்.

இன்னொண்ணு, வாங்கறதுக்கு முன்னாடி "உள்ளே போட்டதை எல்லாம் மொத்தமா வெளியே எடுக்க முடியுமா"ன்னு கேட்டுடுங்க. சந்தா கட்ட முடியாத வருஷம் நோட்டு பூட்டிக்கிட்டா என்ன பண்றது?

கடைசியா ஒரு உண்மை. "வழக்கமான பஃபர்"னு மின் நோட்டுலயும் தட்டச்சு செய்யலாம். உப்பு, பி.எச். கட்டங்களை நிரப்பாம அடுத்த பக்கம் போக முடியாதபடி படிவம் வச்சு, வாரம் ஒரு தடவை பேராசிரியர் உட்கார்ந்து படிச்சாத்தான் அது ஒழியும். நோட்டு எழுதறவருக்கு இல்லீங்க, அடுத்து வர்றவருக்கு.

சீனியருக்கு மெயில் போட்டிருக்கா. இன்னும் பதில் வரலை.

லேப்ல இருக்கற மக்களே, உங்க கூடத்துல என்ன கதை? சொல்லிட்டுப் போங்க.